"பவுடர்ல தண்ணி இல்லையா?": எக்ஸ்ட்ரூடர் மிட்டாய்த் தாளில் இரண்டாம் முறை தேறிய கதை

நேற்று மாலை ரிசல்ட் வந்தது. மிட்டாய்த் தொழில்நுட்பத் தாளில் 78. போன முறை இதே தாளில் 41, செய்முறையில் ஃபெயில். அந்த 41-க்கும் இந்த 78-க்கும் நடுவில் நான் பெரிதாக ஒன்றும் புதிதாகப் படித்துவிடவில்லை. ஒரே ஒரு தப்பைப் புரிந்துகொண்டேன், அவ்வளவுதான். அந்த ஆத்திரம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன், பிறகு எழுதினால் எல்லாம் தெரிந்தவள் மாதிரி எழுத ஆரம்பித்துவிடுவேன்.

சீட்டுக் குலுக்கலில் இரண்டு முறையும் எனக்கு வந்தது ஒரே கேள்வி: சர்க்கரை இல்லாத கடின மிட்டாயை இரட்டை ஸ்க்ரூ எக்ஸ்ட்ரூடரில் தயாரிக்கவும். எக்ஸ்ட்ரூடர் என்றால், பேரல் என்ற சூடான உருளைக்குள் ஸ்க்ரூ சுழன்று பவுடரை உருக்கி, முனையில் இருக்கும் டை என்ற துளை வழியாகத் தள்ளும் மெஷின். கூடப் படித்தவர்களுக்கு ஜெல்லி, டாஃபி என்று வந்தது. சரி, விதி.

முதல் முறை நான் நம்பியது கைமாறிக் கைமாறி வந்த ஒரு நோட்ஸை. அதில் ஒரு வரி: "எக்ஸ்ட்ரூஷன் முறையில் நீர் சேர்க்கப்படுவதில்லை, ஆகவே நீரை வெளியேற்றும் நிலை தேவையில்லை." படிக்கும்போது எவ்வளவு நியாயமாக இருக்கிறது பாருங்கள். வழக்கமான முறையில் சர்க்கரையையும் குளுக்கோஸ் சிரப்பையும் தண்ணீரில் கரைத்து, பிறகு அதே தண்ணீரை 150 டிகிரி பக்கம் வரை கொதிக்க வைத்து விரட்டுகிறோம். எக்ஸ்ட்ரூடரில் பவுடரை நேராக உருக்குகிறோம், கொதிக்க வைக்கும் எரிசக்தி மிச்சம், உள்ளே இருக்கும் நேரமும் ஒன்றிரண்டு நிமிடம்தான். அப்புறம் எதற்கு வென்ட், அதாவது ஆவி வெளியேறும் துளை?

ஆய்வகத்தில் மெஷின் ஓட்டும் அண்ணன் வென்ட் துளைக்கான மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, "இதைத் திறந்து வைக்கவா, மூடவா?" என்று கேட்டார். "மூடிடுங்க அண்ணா" என்றேன். ஒரு நொடி என் முகத்தைப் பார்த்தார். பரீட்சை நேரத்தில் அவர் ஒன்றும் சொல்லக் கூடாது. மூடி முறுக்கிவிட்டார்.

டையிலிருந்து கண்ணாடிக் கயிறு மாதிரி வழுவழுவென்று வர வேண்டியது, புஸ் புஸ்ஸென்று துப்பிக்கொண்டு, பால் மாதிரி வெளுத்து, உள்ளெல்லாம் குமிழியோடு ஒரு பஞ்சுக் குச்சியாக வந்தது. பேரலுக்குள் அழுத்தத்தில் அடங்கிக் கிடந்த தண்ணீர், டையைத் தாண்டி அழுத்தம் விட்டவுடன் ஆவியாக வெடித்திருக்கிறது. பொரித் தின்பண்டம் எக்ஸ்ட்ரூடரில் உப்பி வருவதும் இதே சங்கதிதான். நான் மிட்டாய் செய்யப் போய்ப் பொரி செய்திருக்கிறேன். ஆறிய துண்டை எடுத்துத் தேர்வாளர் கட்டைவிரலால் அழுத்தினார். ரேகை அப்படியே பதிந்தது.

"ஏம்மா, பவுடர்ல தண்ணி இல்லையா?"

"நாங்க தண்ணியே சேர்க்கல சார்."

"சேர்த்தியான்னு கேக்கல. இருக்கான்னு கேட்டேன்."

நான் எடுத்த இனிப்பூட்டி ஐசோமால்ட். சர்க்கரையிலிருந்து நொதியால் ஐசோமால்டுலோஸ், அதை ஹைட்ரஜனேற்றினால் ஐசோமால்ட், இதெல்லாம் எனக்கு மனப்பாடம். அது இரண்டு பொருள்களின் கலவை என்பதும் தெரியும். ஜிபிஎஸ், ஜிபிஎம் என்ற இரண்டு சர்க்கரை ஆல்கஹால்கள், ஏறக்குறையச் சரிபாதி. ஆனால் ஜிபிஎம் படிகமாகும்போது மூலக்கூறுக்கு இரண்டு தண்ணீரைக் கூடவே கட்டிக்கொள்கிறது என்பதை வெறும் 'டைஹைட்ரேட்' என்ற சொல்லாகப் படித்துக் கடந்துவிட்டேன். மூலக்கூறு எடை 344, தண்ணீர் 36, மொத்தம் 380. அதாவது ஜிபிஎம் பாதியில் 9.5% தண்ணீர், மொத்தப் பவுடரில் கிட்டத்தட்ட 5%. கையில் எடுத்தால் காய்ந்த மணல் மாதிரி இருக்கும் பவுடர் அது.

ஆகவே என் முதல் அறிவுரை, ஏன், ஒரே அறிவுரை என்றே வைத்துக்கொள்ளுங்கள்: தாளில் எந்தக் கேள்வி வந்தாலும் ஓரத்தில் முதலில் தண்ணீர்க் கணக்கைப் போடுங்கள். மணிக்கு 10 கிலோ பவுடர், 5% தண்ணீர் என்றால் உள்ளே 0.5 கிலோ தண்ணீர், 9.5 கிலோ திடப்பொருள். மிட்டாயில் 2% இருக்கலாம் என்றால் வெளியே வருவது 9.5 / 0.98 = 9.69 கிலோ. மீதி 0.31 கிலோ, மணிக்கு 300 மில்லிக்குக் கொஞ்சம் மேல், வென்ட் வழியாகப் போயாக வேண்டும். மூன்று வரிக் கணக்கு. இதைப் போட்டிருந்தால் மூடியை மூடச் சொல்லியிருப்பேனா?

5-க்கும் 2-க்கும் நடுவில் இருக்கும் அந்த 3% ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்பது கோர்டன்–டெய்லர் சமன்பாட்டில் இருக்கிறது. டிஜி என்பது கண்ணாடி மாதிரி இறுகி நிற்கும் பொருள் ரப்பராக இளகத் தொடங்கும் வெப்பநிலை; தண்ணீர் சேரச் சேர அது எவ்வளவு இறங்கும் என்று இந்தச் சமன்பாடு சொல்லும். எழுத்துத் தேர்வில் இந்த முறை நேரடியாகவே வந்தது: உலர் நிலையில் டிஜி 62 டிகிரி, தண்ணீரின் டிஜி 136 கெல்வின், மாறிலி 4.7, ஈரம் 2%, 5% இரண்டுக்கும் கண்டுபிடி. 2% ஈரத்தில் 44.6 டிகிரி வருகிறது. 5% ஈரத்தில் 22.5. அதாவது ஒன்று கண்ணாடி, இன்னொன்று சட்டைப்பையிலேயே ரப்பர். தேர்வாளரின் ரேகை எதில் பதிந்தது என்று சொல்லத் தேவையில்லை. கெல்வினுக்கு மாற்ற மறந்து மைனஸ் 137-ஐயும் 62-ஐயும் கலந்தடித்தவர்கள் என் ஹாலிலேயே இரண்டு பேர். ஆகவே, எல்லாவற்றையும் முதல் வரியிலேயே கெல்வினில் எழுதிவிடுங்கள்.

இனிப்பூட்டிகளை நான் அட்டவணையாகப் படிக்கவில்லை, எனக்கு அட்டவணை ஏறாது. டிஜி வரிசையில் ஒரு படிக்கட்டு மாதிரி வைத்துக்கொண்டேன். மேல் படியில் சர்க்கரையும் ஐசோமால்ட்டும், இரண்டும் உலர்ந்தால் 60-ஐ ஒட்டி. கொஞ்சம் கீழே மால்டிட்டால், 40-களில். ரொம்பக் கீழே சார்பிட்டால், பூஜ்யத்துக்குப் பக்கம். அதற்கும் கீழே சைலிட்டால், மைனஸ் 20-களில். இந்தப் படிக்கட்டு ஒன்று போதும், பாதிக் கேள்விக்கு விடை வந்துவிடும். "சார்பிட்டாலை மட்டும் வைத்துத் தெளிவான கடின மிட்டாய் ஏன் வராது?" அறை வெப்பத்தில் அது கண்ணாடியாகவே நிற்காது, அதனால் சார்பிட்டால் மிட்டாயை அச்சில் ஊற்றி, விதைப்படிகம் போட்டு, படிகமாகவே இறுக வைக்கிறார்கள். வாயில் வைத்ததும் ஜில்லென்று இருப்பதும் அந்தப் படிகம் கரையும்போது சூட்டை உறிஞ்சுவதால்தான். கண்ணாடியாக இருக்கும் ஐசோமால்ட் மிட்டாயில் அந்த ஜில் இல்லை. இதை நான் வைவாவில் சொன்னபோது தேர்வாளர் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார்.

இரண்டாவது செய்முறைக்கு வருவோம். அதே மெஷின், அதே அண்ணன். இந்த முறை அவர் கேட்பதற்கு முன்பே "வென்டைத் திறந்து வெற்றிடப் பம்ப்பை மாட்டிடுங்க" என்றேன். சிரித்தார் என்று சத்தியம் செய்ய மாட்டேன், ஆனால் சிரித்த மாதிரிதான் இருந்தது.

எங்கள் மெஷினில் நான் வைத்த சூடு: ஃபீட் பகுதி குளிர்நீரில், அடுத்தது 90, அப்புறம் 140, 160, வென்ட் பகுதி 150, பிறகு 125, டை 105. உங்கள் மெஷினில் மாறும், எண்ணை எடுத்துக்கொள்ளாதீர்கள், வடிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: ஏறி, உருகி, காற்று வாங்கி, இறங்கி வர வேண்டும். ஐசோமால்ட் உருகுவது 145–150 டிகிரியில், அதைத் தாண்டினால்தான் கட்டி இல்லாமல் உருகும். ஃபீட் பகுதியைச் சூடாக்கினால் பவுடர் ஹாப்பரின் கழுத்திலேயே இளகி, பாலம் கட்டி அடைத்துக்கொள்ளும். பக்கத்து மெஷின்காரர் அரை மணி நேரம் குச்சியால் குத்திக்கொண்டிருந்தார், பாவம்.

எனக்கும் சுகமாகப் போகவில்லை. பத்தாவது நிமிடம் வென்ட்டில் உருகல் மேலேறி வர ஆரம்பித்தது, அடுப்பில் பால் பொங்குகிற மாதிரி, கண்ணாடி வழியாகப் பார்த்தால் ஒரு பளபளப்பான குமிழ் மெதுவாக எழும்பிக்கொண்டிருக்கிறது. போன முறை நானாக இருந்தால் மூடியை மூடியிருப்பேன். வென்ட்டுக்குக் கீழே ஸ்க்ரூ அரைகுறையாக மட்டும்தான் நிறைந்திருக்க வேண்டும், அதனால்தான் அங்கே அகலப் பிட்ச் (புரிகளுக்கு நடுவே இடைவெளி அதிகமான) கடத்தும் துண்டுகளைப் போடுகிறோம். நிறைந்துவிட்டது என்றால் வருவது அதிகம், போவது குறைவு. ஃபீடை 10-லிருந்து 7-க்கு இறக்கினேன், ஸ்க்ரூவை 150-லிருந்து 200 சுற்றுக்கு ஏற்றினேன். நாலு நிமிடம். உள்ளங்கை வேர்த்துக் கையுறைக்குள் வழுக்கியது. குமிழ் இறங்கியது, ஆவி மட்டும் போக ஆரம்பித்தது, டையில் கயிறு தெளிந்தது. முதலில் புகை படிந்த மாதிரி, பிறகு பின்னால் வைத்த பேனாவின் மூடி தெரிகிற அளவுக்கு.

வென்ட்டுக்கு முன்னால் ஏன் ஒரு ரிவர்ஸ் துண்டு (உருகலைப் பின்னுக்குத் தள்ளும் ஸ்க்ரூ துண்டு) என்று கேட்டார்கள். உருகலால் அங்கே ஒரு அடைப்பு உண்டாக வேண்டும், இல்லாவிட்டால் பம்ப் ஹாப்பர் பக்கத்துக் காற்றைத்தான் இழுத்துக்கொண்டிருக்கும். வெற்றிடம் எதற்கு என்று கேட்டார்கள். அது இல்லாமல் 2% வரை இறக்க 150-க்கு மேல் சூடு வேண்டும், இருந்தால் அதைவிடக் குறைவாகவே போதும்.

வைவாவில் வந்தவை, நினைவில் இருக்கிற வரிசையில்:

– அமிலமும் வாசனையும் ஏன் வென்ட்டுக்குப் பிறகு? "சூட்டில் கெடும்" என்று மட்டும் சொன்னால் பாதி மார்க். வெற்றிடம் தண்ணீரோடு சேர்த்து வாசனையையும் இழுத்துக்கொண்டு போய்விடும், அதைச் சொல்ல வேண்டும். சர்க்கரையாக இருந்தால் அமிலம் அதை உடைத்து இன்வர்ட் (குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ் கலவை) ஆக்கி மிட்டாய் பிசுபிசுக்கும். ஐசோமால்ட்டின் பிணைப்பு அவ்வளவு சுலபத்தில் உடையாது.

– எந்தச் சிட்ரிக் அமிலம்? இதுதான் எனக்குப் பிடித்த கேள்வி. மோனோஹைட்ரேட்டில் 8.6% தண்ணீர். வென்ட்டைத் தாண்டிய பிறகு சேர்ப்பதால் அந்தத் தண்ணீர் போக வழியே இல்லை. நீரற்றதைத்தான் எடுக்க வேண்டும். பார்த்தீர்களா, திரும்பத் திரும்பத் தண்ணீர்தான்.

– ஐசோமால்ட் சர்க்கரையில் பாதி இனிப்பு, மீதிக்கு என்ன? சுக்ரலோஸ், சர்க்கரையைப் போல 600 மடங்கு. ஒரு கிலோவுக்கு 0.83 கிராம். இவ்வளவு சிறிய அளவை ஃபீடரில் தனியாகப் போட முடியாது, கொஞ்சம் பவுடரில் முன்கூட்டியே கலந்துகொள்ள வேண்டும். அஸ்பார்டேம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், இந்தச் சூட்டில் தாங்காது.

– ஏன் பழுப்பாகவில்லை? ஐசோமால்ட்டில் ஒடுக்கும் முனை (புரதத்தோடு வினைபுரியும் சர்க்கரை முனை) இல்லை, அதனால் பழுப்பாக்கும் மெய்லார்ட் வினை நடக்காது.

– ஈரம் எதில் அளப்பீர்கள்? ஓவன் என்று வாயைத் திறக்காதீர்கள். கண்ணாடிக்குள் மாட்டிய தண்ணீர் வெளியே வராது. கார்ல் ஃபிஷர், அதாவது தண்ணீரோடு வினைபுரியும் கரைசலை வைத்து அளக்கும் முறை.

– லேபிளில் என்ன எச்சரிக்கை? அதிகம் தின்றால் வயிற்றுப்போக்கு. ஐசோமால்ட்டின் உணவுச் சேர்க்கைப் பொருள் எண் ஈ953.

குழுவாகப் படிப்பதைப் பற்றி எல்லோரும் நல்லபடியாகச் சொல்வார்கள். எனக்கு ஒத்துவரவில்லை. அந்தத் தவறான வரியை ஆறு பேர் உட்கார்ந்து ஆறு பேரும் தலையாட்டித்தான் படித்தோம். தனியாக உட்கார்ந்து, ஒரு வெள்ளைத்தாளில் பேரலைப் படம் வரைந்து, ஒவ்வொரு பகுதியிலும் என்ன உள்ளே வருகிறது, என்ன வெளியே போகிறது என்று அம்புக்குறி போட்டுப் பார்த்த இரண்டாவது நாளே வென்ட்டின் மேல் பேனா நின்றுவிட்டது. வேகமாகப் படிப்பவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும், நான் மெதுவான ஆள்.

இன்னும் சில, வரிசை இல்லாமல்:

மிட்டாயை ஆறவிட்டு உடனே பொதியுங்கள், தேர்வாளர் வரட்டும் என்று தட்டில் திறந்து வைக்காதீர்கள். அறையின் ஈரப்பதம் 40 சதவீதத்தைத் தாண்டினால் மேல்தோல் பிசுபிசுக்க ஆரம்பிக்கும்.

ஐசோமால்ட் உருகல் சர்க்கரைப் பாகைவிட நீர்த்து இருக்கும், ஆறவும் நேரம் எடுக்கும். சர்க்கரையில் பழகிய கையோடு வெட்டப் போனால் கயிறு தொங்கி நூலாகிவிடும். காத்திருங்கள்.

முடிக்க 20 நிமிடம் ஒதுக்குங்கள். உருகலை உள்ளேயே விட்டு மெஷினை நிறுத்தினால் ஸ்க்ரூ கண்ணாடியில் புதைந்துவிடும். வெந்நீர் விட்டுக் கரைத்து ஓடவிட வேண்டும், அதற்கும் மார்க் உண்டு.

கையுறை இரண்டு ஜோடி, தடித்தது. உருகல் தண்ணீர் மாதிரி வழிந்து போகாது, ஒட்டிக்கொண்டு அங்கேயே சுடும். என் இடது மணிக்கட்டில் போன முறையின் தழும்பு இன்னும் இருக்கிறது, மெஷின் துப்பியதில் பட்டது.