மேக்காட்டுக் கெணறு நெறைய நெறைய எங்க காடு வெளுக்குது

மாசி மாசம் ஊருக்குப் போயிருந்தப்போ காலைல சும்மா காட்டுக்குள்ள நடந்தேன். பள்ளத்தை ஒட்டுன கடைசி ரெண்டு வயல்ல வரப்போரமா சுண்ணாம்பு தெளிச்ச மாதிரி மண்ணு வெள்ளையா பூத்துக் கெடக்கு. வெரல்ல தொட்டு நாக்குல வச்சேன், சுருக்குனு உப்பு. "அதையேண்டா திங்கற"ன்னு அப்பா சிரிக்கறார். மேல் வயல்ல கடலை பச்சைப்பசேல்னு நிக்குது, இங்க திட்டுத்திட்டா மொளைக்கவே இல்ல, மொளைச்சதுலயும் இலை ஓரம் கருகிப்போச்சு.

எங்களுது ஈரோட்டுப் பக்கம் கீழ்பவானி வாய்க்கா பாசனம். பவானிசாகர் டேம் 1955ல கட்டி முடிச்சாங்க, வாய்க்கா 200 கிலோமீட்டர், அதுல பாசனம் ஆகற ஆயக்கட்டு 2,07,000 ஏக்கர், அதுல பாதிக்கு ஆகஸ்ட்ல நெல்லுக்குத் தண்ணி, மறுபாதிக்கு ஜனவரில கடலை எள்ளு மாதிரி புஞ்சைப் பயிருக்கு, அடுத்த வருசம் முறை மாறும். அதுக்கு முன்னாடி இதெல்லாம் கம்பும் சோளமும் வெளைஞ்ச மேட்டாங்காடு.

வாய்க்காத் தண்ணில ஒரு கொறையும் இல்லைங்க. மண் வாய்க்கால்ல கசியற தண்ணி மேக்காட்டுக் கெணத்தையெல்லாம் நெறைச்சுட்டு, மிச்சம் சரிவுல எறங்கி எங்ககிட்ட வந்து தேங்குது. நிலத்தடித் தண்ணி அஞ்சாறு அடிக்குள்ள வந்துட்டா, வெளக்குத்திரில எண்ணெய் ஏறுற மாதிரி மண்ணே அதை மேல இழுத்துரும், வெயில் தண்ணியைக் குடிச்சுட்டு உப்பை விட்டுட்டுப் போயிரும். இதான் வருசா வருசம் நடக்குது.

இங்க சண்டையெல்லாம் வாய்க்காலுக்கு கான்கிரீட் போடறதைப் பத்திதான். வாய்க்கா முடியற எடத்துல இருக்கற கடைமடைக்காரன், தண்ணி வந்து சேரணும்னு போடுங்கறான், கசிவுல கெணறு ஊறுறவன் போடாதேங்கறான், ரெண்டு பேர் பக்கமும் ஞாயம் இருக்கு. ஆனா வடிகாலைப் பத்தி ஒருத்தரும் வாயத் தொறக்கக் காணோம்! தண்ணி கொண்டாற வழி மேல இருக்கற அக்கறை, அது வெளிய போற வழி மேல இல்ல.

மண்ணை டெஸ்ட்டுக்குக் குடுத்தோம். காரத்தைக் காட்டற பிஎச் 8.5க்கு மேல, உப்பைக் காட்டற கடத்துதிறன் (EC) 4 dS/mக்கு மேல, அதாவது உவரும் (உப்பு ஏறுன மண்ணு) களரும் (சோடியம் ஏறி இறுகுன மண்ணு) சேந்து இருக்கு. வெறும் உவர்னா நல்ல தண்ணி கட்டி அலசி விட்டாப் போதும், களர் சேந்திருந்தா ஜிப்சம் போட்டு, தண்ணி நிறுத்தி, அப்பறம் வடிச்சு விடணும், பசுந்தாள் உரமா தக்கைப்பூண்டு வெதைச்சு மடக்கி உழுகணும். எங்க பிரச்சனையே அந்த "வடிச்சு விடணும்"தான். எங்க வடிகால்ல சீமைக்கருவேல் மண்டிக் கெடக்கு, அதுக்குக் கீழ ஒரு பங்காளி குறுக்கால மண்ணைப் போட்டு தென்னம்புள்ளையே வச்சுட்டார். அதிகாரிங்களுக்கு எழுதிக் குடுத்தா "பாக்கறோம்"ங்கறாங்க. வடிகால் இல்லாம ஜிப்சம் போட்டா காசுக்குப் புடிச்ச கேடு.

அடுத்த நெல்லு முறைக்கு களர் தாங்கற திருச்சி 1 நெல்லு ரகம் போடலாம்னு அப்பா சொல்றார். நான் கெளம்பறதுக்கு முந்தின நாள் மம்பட்டி எடுத்து வயல் மூலைல ஒரு குழி தோண்டுனார், மூணடி போகல, பக்கத்துல இருந்து தண்ணி ஊறி வந்துருச்சு. இப்ப தெனமும் அதுல குச்சி விட்டு அளந்து போன்ல சொல்றார். நேத்து தரைல இருந்து ரெண்டே முக்கா அடிக்குக் கீழ தண்ணி.