ஓ/எல் ஆங்கிலம் படிக்கிறவர்களுக்கு: ஹோல்ட் என்ற ஒரு சொல்லை இப்படிப் படிங்க

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கம் சாதாரண தர ஆங்கிலத்துக்குத் தயாராகிற தம்பி தங்கச்சிகளே, ஹோல்ட் என்றால் "பிடி" என்று கொப்பியில் எழுதிவிட்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடாதீங்க. கூட்டம் நடத்துவது, மூச்சை அடக்குவது, ஒரு மண்டபம் இத்தனை பேரைக் கொள்வது, பதவி வகிப்பது எல்லாமே ஹோல்ட்தான், வாசிப்புப் பந்தியில் மாட்டிவிடுகிறதும் இந்த அர்த்தங்கள்தான்.

எனக்குக் கைகொடுத்தது சொல்லின் வேர். கோதிக் என்ற பழைய ஜெர்மானிய மொழியில் ஹால்டன் என்றால் மந்தை மேய்ப்பது. ஜெர்மன்காரர் இன்றும் ஹால்டன் என்கிறார்கள், பிடி, வைத்திரு, நிறுத்து என்ற பொருளில். சிதறவிடாமல் காத்து வைத்திருப்பது என்ற அந்தக் கருத்தை மனதில் வைத்துக்கொண்டு மேலே சொன்னதையெல்லாம் திரும்பப் பாருங்க, ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். நம்ம பக்கம் சிறு தேயிலைத் தோட்டக்காரரை ஸ்மோல்ஹோல்டர் என்கிறோமே, காணியைத் தன் வசம் வைத்திருப்பவர் என்பதுதான் அதிலும் இருக்கிறது.

அப்புறம் குடும்பச் சொற்கள். அப்ஹோல்ட் லேசானது, தூக்கிப் பிடிப்பது, நிலைநிறுத்துவது. வித்ஹோல்ட் கொஞ்சம் குழப்பும், ஏனென்றால் அதில் வருகிற வித் "உடன்" இல்லை, பழைய ஆங்கிலத்தில் அதற்கு "எதிராக" என்று பொருள், அதனால்தான் கொடுக்காமல் நிறுத்தி வைப்பது என்று வருகிறது. எழுதும்போது நடுவில் இரண்டு எச் வரும். வாசற்படி என்ற பொருள் தரும் த்ரெஷோல்ட் பார்க்க இந்தக் குடும்பம் போல இருந்தாலும் ஹோல்டிலிருந்து வந்ததில்லை, அதில் எஸ்ஸுக்குப் பிறகு ஒரே ஒரு எச். இதைக் கட்டாயம் எழுதிப் பழகுங்க, நிறையப் பேர் பிழை விடுகிற இடம் இது. கப்பலில் சரக்கு ஏற்றும் ஹோல்டும் வேறு வழியில் வந்தது, துளை, பொந்து என்று பொருள்படும் ஹோல் என்ற சொல்லின் உறவு, அதையும் இந்தக் குடும்பத்தில் சேர்க்காதீங்க.

உயர்தரம் போகிறவர்கள் லத்தீனின் டெனேரே என்ற வினையையும் பிடித்துக்கொள்ளுங்க. அதுவும் பிடிப்பதுதான். கொன்டெய்ன், ரிடெய்ன், டிடெய்ன், டெனன்ட் எல்லாம் அதிலிருந்து வந்தவை; மெயின்டெய்ன் என்றால் கையால் பிடித்திருப்பது.

இறந்தகாலம் ஹெல்ட், ஹோல்டட் கிடையாது. ஒவ்வொரு அர்த்தத்துக்கும் உங்கள் ஊர் விஷயத்தை வைத்தே ஒரு வசனம் எழுதுங்க. மண்சரிவால் ரயில் நானுஓயாவில் தாமதமானால் "த ட்ரெயின் வோஸ் ஹெல்ட் அப் அட் நானுஓயா", கோயில் கமிட்டி ஞாயிற்றுக்கிழமை கூடினால் "தே ஹெல்ட் எ மீட்டிங் ஒன் சண்டே". எழுதியதை ஆங்கில டீச்சரிடம் காட்டித் திருத்திக்கொண்டு, அதற்குப் பிறகு பாஸ்ட் பேப்பரைத் திறங்க.