போனை வெளியே வைத்துவிட்டு மூன்று மணி நேரம்

2022 ஜூலை 24, குரூப் 4 தேர்வு. மையத்துக்கு எதிரே இருந்த பெட்டிக்கடையில் ஓர் அக்கா தலைக்குப் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு எல்லோருடைய போனையும் பத்திரப்படுத்தி வைத்துக்கொண்டிருந்தார். காலண்டர் தாளைக் கிழித்து எண் எழுதி, ஒரு துண்டைப் போனோடு ரப்பர் பேண்டு போட்டுச் சுற்றுவார், இன்னொரு துண்டை நம் கையில் கொடுப்பார். என் எண் 47. அந்தச் சீட்டை ஹால் டிக்கெட்டைவிடக் கவனமாக மடித்து வைத்துக்கொண்டேன். அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

ஒன்பதரைக்குத் தேர்வு தொடங்கியது. தமிழ்ப் பகுதியில் முப்பது கேள்வி தாண்டியிருப்பேன், வலது தொடையில் போன் அதிர்ந்தது. கை தானாகப் பாக்கெட்டுக்குள் போனது. உள்ளே கர்ச்சீப் மட்டும்தான். அதற்கப்புறம் நான் ஹாலிலேயே இல்லை. போனை ஆஃப் செய்தோமா? அப்பா லாரியில் நாக்பூர் பக்கம் போயிருக்கிறாரே, கூப்பிட்டிருப்பாரோ? அந்த அக்கா கடையைச் சாத்திவிட்டுப் போய்விட்டால்? கணக்குப் பகுதியில் இருக்கும் 25 கேள்விகளில் பதினொன்றை நேரமில்லாமல் குத்துமதிப்பாக நிரப்பினேன். ஒரு கேள்விக்கு ஒன்றரை மதிப்பெண், கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். முடிந்ததும் ஓடிவந்து போனை வாங்கிப் பார்த்தால், ரீசார்ஜ் முடியப்போகிறது என்று ஒரு மெசேஜ், சித்தப்பா அனுப்பிய குட் மார்னிங் ரோஜாப்பூ. அவ்வளவுதான் வந்திருந்தது.

அந்த முறை போய்விட்டது. 2024-இல் எழுதியதில் கிடைத்தது. நடுவில் நான் செய்தவற்றில் பாதி படிப்பு, மீதி போன் இல்லாமல் உட்காரப் பழகியது. முதல் பாதியைச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் இரண்டாவதைச் சொல்கிறேன்.

போனை விட முடியவில்லை என்றதும் எல்லோரும் ரீல்ஸ், கேம் என்று நினைப்பார்கள். என் போனில் அதெல்லாம் கிடையாது. பதினான்கு டெலிகிராம் குழுக்கள், ஆறாம் வகுப்பு முதல் பாடநூல் பிடிஎஃப், தினசரி நடப்பு நிகழ்வுகள், வினாடி வினா. எல்லாம் படிப்பு. அதனால்தான் யாரும் திட்டவில்லை, நானும் சந்தேகப்படவில்லை. குழுவில் புதிதாக ஒரு பிடிஎஃப் விழுந்தால் இறக்கி வைத்துவிடுவேன், படித்துவிட்ட மாதிரி ஒரு நிம்மதி வரும். திறந்து பார்த்தது பத்தில் ஒன்று இருக்கும்.

இந்தப் பதற்றத்துக்கு நோமோபோபியா என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ‘நோ மொபைல் போன் போபியா’ என்பதன் சுருக்கம். 2008-இல் பிரிட்டனில் நடந்த ஒரு கருத்துக்கணிப்பின்போது உருவான சொல். மனநல மருத்துவர்களின் நோய்ப் பட்டியலில் இது தனி நோயாக இல்லை. ஆனால் அளந்து பார்க்க ஒரு வினாப்பட்டியல் உண்டு. அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யில்டிரிம், கொரேயா இருவரும் 2015-இல் வெளியிட்டது. 20 வாக்கியங்கள், ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 7 வரை போட வேண்டும். 60-ஐத் தொட்டால் நடுத்தரம், 100-ஐத் தொட்டால் தீவிரம். எனக்கு 104 வந்தது.

மொத்தத்தைவிட எந்தப் பகுதியில் ஏறுகிறது என்று பார்ப்பதுதான் பயன். யாரோடும் பேச முடியாதே, இணையத் தொடர்பு விட்டுப்போகுமே, தகவல் கிடைக்காதே, வசதி போய்விடுமே என்று நான்கு வகைப் பயங்களை அது பிரிக்கிறது. எனக்குத் தகவல் பகுதியில் அநேகமாக எல்லாமே ஏழு. அப்போதுதான் புரிந்தது: ஹாலில் விடை தெரியாமல் திணறியபோது நான் யோசிக்கவே இல்லை, கை தேடத்தான் பார்த்தது. தகவல் கணினியில் பத்திரமாக இருக்கும் என்று நம்புகிறவர்கள் அதைக் குறைவாகவே நினைவில் வைக்கிறார்கள் என்று பெட்சி ஸ்பாரோ குழுவினர் 2011-இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதியிருந்தார்கள். என் விஷயத்தில் அது நூற்றுக்கு நூறு சரி.

ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். சந்தேக நோட்டு. படிக்கும்போது போனை எடுக்கத் தோன்றினால் எடுக்காமல், மணியையும் எதற்காக என்பதையும் எழுதுவது. முதல் நாள் மாலை எண்ணினேன்: 34 வரிகள். “10.12 – வைக்கம் போராட்டம் 1924-ஆ 25-ஆ?” “10.19 – ரிசல்ட் தேதி வந்ததா?” “10.21 – மணி என்ன?” கடைசியாகச் சொன்னதைப் பாருங்கள், 10.21 என்று எழுதிவிட்டு மணி என்ன என்று கேட்டிருக்கிறேன்! மேசையில் கடிகாரம் இருந்தது. மாலையில் அரை மணி நேரம் போனை எடுத்துத் தேடும்போது, உண்மையிலேயே தேட வேண்டியவை ஐந்தோ ஆறோதான் இருந்தன. வைக்கம் 1924 என்பது இன்றுவரை மறக்கவில்லை. பகல் முழுக்க அதோடு மல்லுக்கட்டியிருந்தேனே.

போனை ஆஃப் செய்து பக்கத்தில் வைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் ஏட்ரியன் வார்டு குழுவினர் 2017-இல் செய்த சோதனையில், போனை மேசைமேல் வைத்தவர்களைவிட வேறு அறையில் வைத்தவர்கள் நன்றாகச் செய்தார்கள். பிறகு வந்த ஆய்வுகள் எல்லாம் அதை ஒத்துக்கொள்ளவில்லை, அது வேறு விஷயம். எனக்கு வேறு அறைதான் சரிப்பட்டது. அம்மாவிடம் கொடுத்தேன், அவர் அரிசி டிரம்முக்குள் போட்டு மூடிவிட்டார். “தண்ணில விழுந்த போனாம்மா இது?” என்றேன். “நீதான்டா விழுந்து கெடக்க” என்றார்.

முதலில் இருபது நிமிடம். அப்புறம் நாற்பது. முதல் வாரம் தலைவலி, எல்லோர் மேலும் எரிச்சல். எடுத்த எடுப்பில் மூன்று மணி நேரம் முயன்று பார்க்காதீர்கள், மறுநாள் இரட்டிப்பாகத் திரும்பும். இரண்டு மாதம் கழித்துத்தான் ஞாயிறுதோறும் ஒன்பதரை முதல் பன்னிரண்டரை வரை, ஜெராக்ஸ் கடையில் எடுத்த ஓஎம்ஆர் தாளில், முழு மாதிரித் தேர்வு.

அப்பாவைப் பற்றிய பயத்தை மட்டும் வீண் என்று ஒதுக்க முடியவில்லை. லாரிக்காரர் வீட்டில் இருப்பவர்களுக்குத் தெரியும். அதற்கு ஒரே வழி, அம்மாவின் பட்டன் போன். “அவசரம்னா அம்மா நம்பருக்குக் கூப்பிடுங்கப்பா” என்று சொல்லி வைத்தேன். நிஜமான பயத்துக்கு ஏற்பாடு செய்துவிட்டால் மற்றதெல்லாம் அதன் பின்னால் ஒளிய முடியாது. தூக்கம் கெட்டு, படபடப்பு இதையும் மீறிப் போனால் தனியாகப் போராட வேண்டாம். 14416 என்ற டெலிமானஸ் எண்ணில், அரசின் மனநல உதவி எண் அது, தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

2024 ஜூன் 9. வேறு மையம், வேறு பெட்டிக்கடை, இந்த முறை இருபது ரூபாய். தொடை ஒரு தடவை அதிர்ந்தது. அதிரட்டும் என்று அடுத்த கேள்விக்குப் போனேன். வெளியே வந்ததும் பக்கத்து இருக்கைக்காரரோடு ஒரு கணக்குக்கு விடை தேடிப் பேசிக்கொண்டே நடந்துவிட்டேன். தெருமுனையில் பின்னாலிருந்து குரல் வந்தது: “தம்பி, போன் வேணாமா?”