தண்ணி ஓடுற ஊர்ல அளந்து குடிக்கிறது

எங்க ஊரு செங்கோட்டையத் தாண்டி புளியரைக்குப் போற வழியில இருக்கு. ஆனி பொறந்தா சாரல், மலையில மழை, வாய்க்கால் நெறைய தண்ணி, அந்தப் பக்கம் ஆரியங்காவு தாண்டிட்டா இன்னும் பச்சை. இப்படி ஒரு ஊர்ல இருந்துகிட்டு நாளைக்கு முக்கால் லிட்டர்ல காலத்த ஓட்டுறது என்னன்னு டயாலிசிஸ் பண்ணுறவங்களுக்குத்தான் தெரியும். பாக்குறவங்க எல்லாரும் ஊசி வலிக்குமான்னுதான் கேக்குறாங்க. ஊசி பழகிரும்ங்க. தாகம்தான் பழகவே மாட்டேங்குது.

கணக்கு போட்டுப் பாத்தா புரியும். நல்ல கிட்னி வாரத்துக்கு 168 மணி நேரமும் நிக்காம வேலை பாக்குது, எனக்கு மெஷின் பாக்குறது வாரம் மூணு தடவை, தடவைக்கு நாலு மணி நேரம், ஆக மொத்தம் 12 மணி நேரம். மிச்ச நேரம் பூரா நான் குடிச்சது உடம்புலயேதான் நிக்கும். டாக்டர் எனக்குச் சொன்னது, முந்தின நாள் எவ்வளவு யூரின் போச்சோ அதோட 500 மில்லி சேத்துக்கோங்க, அவ்வளவுதான். அதுல காபி, ரசம், மோர், கஞ்சித்தண்ணி, மாத்திரைக்குக் குடிக்கிறது எல்லாம் அடக்கம். ஒரு லிட்டர் கூடுதலா குடிச்சா வெயிட் மெஷின்ல ஒரு கிலோ ஏறி நிக்கும், மறைக்கவே முடியாது. அப்படி ஏறுனத எல்லாம் நாலு மணி நேரத்துல இழுக்கும்போது பிரஷர் இறங்கி, கண்ணு இருட்டி, கெண்டைக்கால் சுருட்டிப் பிடிக்கும் பாருங்க, சிஸ்டர் ஓடிவந்து கால நீட்டிப் பிடிச்சு சலைன் விடுவாங்க. இத்தனைக்கும் ஒரு டயாலிசிஸ்க்கு அந்த மெஷின் வழியா சுமாரா 120 லிட்டர் தண்ணி ஓடுது, ஆர்ஓ பண்ணி சுத்தம் பண்ண தண்ணி.

நான் இப்ப செய்யுறது, காலையிலயே ஒரு பாட்டில்ல அன்னைக்கு உள்ள தண்ணிய ஊத்தி வச்சிருவேன், காபி குடிச்சா அந்த அளவு பாட்டில்ல இருந்து கீழ ஊத்திருவேன். பெரிய டம்ளர் எல்லாம் பரண்ல ஏறியாச்சு. வாய் காஞ்சா கொப்பளிச்சுத் துப்புறது. ஆனா இது எல்லாத்தையும் விட உப்பக் குறைச்சதுதான் எனக்கு உண்மையா கைகொடுத்துச்சு, ஏன்னா உப்புதான் தாகத்த இழுத்துட்டு வருது. ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய், கருவாடு, பார்டர் பரோட்டா சால்னா எல்லாம் விட்டாச்சு. இங்க ஒண்ணு கண்டிப்பா சொல்லணும், சோடியம் கம்மின்னு போட்டு ஒரு உப்பு விக்கிறாங்க இல்லையா, அதுல பாதிக்கும் மேல பொட்டாசியம் குளோரைடா கூட இருக்கலாம், நம்மள மாதிரி ஆளுங்க அதத் தொடவே கூடாது. பொட்டாசியம் ரொம்ப ஏறுனா இதயத் துடிப்பே நின்னு போகலாம்.

பொட்டாசியம்னு பாத்தா நம்ம எல்லைப்பக்கத்துச் சாப்பாடு முழுக்க அதுதான். இளநி, நேந்திரம்பழம், சிப்ஸ், சக்கைன்னு சொல்ற பலாப்பழம், கப்பைன்னு சொல்ற மரவள்ளிக்கிழங்கு. அதோட கேரளாவுல கொலஸ்ட்ரால் குறையும்னு இரும்பன்புளிய (பிலிம்பிக்காய்) சாறு எடுத்துக் குடிச்சு கிட்னி பாதிச்சவங்களப் பத்தி அங்க உள்ள டாக்டர்களே 2013ல எழுதியிருக்காங்க, ஆக்சலேட் கிட்னியில போய்ப் படிஞ்சிருது. ஸ்டார் ஃப்ரூட்டும் அப்படித்தான், நமக்கு அது விஷம், விக்கல்ல ஆரம்பிச்சு ஃபிட்ஸ் வரைக்கும் கொண்டு போய் விட்டுரும். யாராவது நாட்டு வைத்தியம்னு கொண்டு வந்து குடுத்தா தயவுசெஞ்சு டாக்டர்கிட்ட கேக்காம வாயில வைக்காதீங்க.

நான் தையல்காரி. இடது கையில ஃபிஸ்டுலா போட்டிருக்கு, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துறதுக்காக ரெண்டு ரத்தக்குழாய சேத்துத் தச்சிருக்காங்க, காலையில எந்திரிச்சதும் வலது கை விரல அது மேல வச்சுப் பாப்பேன், உள்ள கிர்ர்னு ஒரு அதிர்வு ஓடணும், ஓடலைன்னா உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணணும், நாளைக்குப் பாத்துக்கலாம்னு விடக்கூடாது. அந்தக் கையில பிரஷர் பாக்க விடுறதில்ல, ரத்தம் எடுக்க விடுறதில்ல, வளையல் இல்ல, பை தொங்கப் போடுறதில்ல, அந்தப் பக்கமா படுக்குறதும் இல்ல. டயாலிசிஸ் இல்லாத நாள்ல ஜாக்கெட் தைக்கிறேன், முடிஞ்சு வந்த அன்னைக்கு சாயங்காலம் வரைக்கும் படுத்துத்தான் கிடப்பேன், அதுக்கு ஏத்த மாதிரிதான் இப்ப தைக்கிறதுக்குத் துணி வாங்குறேன். கார்த்திகை மார்கழியில சாமிமார் வண்டி ரோட்ட அடைச்சுகிட்டு நிக்கும்ங்கிறதால அப்ப மட்டும் ஆஸ்பத்திரிக்கு ஒரு பஸ் முன்னாடியே கிளம்பிருவேன்.

மைனி வீடு புனலூர்ல. அங்க போனா உக்காந்த உடனே சீரகத் தண்ணி வந்துரும், வேண்டாம்னா அவங்களுக்கு முகம் வாடிரும், "கொஞ்சமாவது குடிம்மா, இவ்வளவு தூரம் வந்திருக்க"ன்னு கையில திணிப்பாங்க. நம்ம ஆளுங்களுக்குப் பாசம்னாலே தண்ணி குடுக்குறதுதானே. ஒரு தடவை அவங்கள நான் டயாலிசிஸ் பண்ணுற இடத்துக்கே கூட்டிட்டுப் போனேன், கால் பிடிச்சு நான் கத்துனதப் பாத்தாங்க. அதுக்கப்புறம் எனக்குன்னு ஒரு சின்ன கிளாஸ் வாங்கி வச்சிருக்காங்க, கப்பைய பொடிசா வெட்டி வேகவச்சுத் தண்ணிய வடிச்சு, திரும்பவும் தண்ணி விட்டு வேகவச்சு வடிச்சு, ரெண்டே ரெண்டு துண்டு வைப்பாங்க. வீட்டுல இப்படி ஒரு பேஷண்ட் இருக்குறவங்க சொந்தக்காரங்கள ஒரு நாளாவது கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க, வாயால சொல்லி ஏறாதது அங்க ஏறும்.

அவங்க மக கல்யாணத்துக்கு நாலு நாள் தங்குறதுக்காக அங்க ஒரு ஆஸ்பத்திரியில டயாலிசிஸ்க்கு போன்லயே பேசி வச்சிருந்தேன், நேர்ல போனப்புறம் வைரல் மார்க்கர் ரிப்போர்ட் புதுசா வேணும்னு நிறுத்திட்டாங்க, போன்ல அத ஒரு வார்த்தை சொல்லல. ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி பாக்காம மெஷின் தரமாட்டாங்க, அது நம்ம பாதுகாப்புக்குத்தான், அதுல எனக்குக் கோபமே இல்ல, முன்னாடியே சொல்லியிருக்கணும் அவ்வளவுதான். தாலி கட்டுனதப் பாத்த கையோட பஸ் ஏறி இங்க வந்து டயாலிசிஸ்க்குப் படுத்தேன். வெளியூர் போறவங்க அந்த ரிப்போர்ட்டு, கடைசியா பண்ண டயாலிசிஸ் ஷீட்டு, டிரை வெயிட்டு (கூடுதல் தண்ணி இல்லாதப்ப உள்ள எடை), ஹெப்பரின் (மெஷின்ல ரத்தம் உறையாம இருக்கப் போடுற மருந்து) அளவு எல்லாம் ஒரு கவர்ல போட்டு வச்சுக்கோங்க, ரிப்போர்ட் எத்தனை நாளைக்குள்ள எடுத்ததா இருக்கணும்னு முதல்லயே கேட்டுருங்க.

இந்தத் தடவை திருவோணம் எனக்கு டயாலிசிஸ் நாள்ல விழுது. முந்தின நாளுக்கு மாத்தித் தர முடியுமான்னு சிஸ்டர்கிட்ட கேட்டிருக்கேன், பாத்துட்டுச் சொல்றேன்னிருக்காங்க.