மலைக்கு வெளிக்கிட்டு, கோணேசரிடம்

மாத்தளை முத்துமாரியம்மன், றம்பொடை ஆஞ்சநேயர், சீத்தா எலியவில் சீதை அம்மன், இறங்கி வரும்போது நேரமிருந்தால் திருகோணமலைக் கோணேசர் கோயில். சனி, ஞாயிறுக்கென்று இவர் கொப்பித்தாளில் எழுதி வைத்திருந்த ஒழுங்கு இது. மாமி அதை வாசித்துவிட்டு ஒன்றுதான் கேட்டா: "கோணேசர் என்ன, நேரமிருந்தாப் பாக்கிற ஆளோ?" ஒருத்தரும் வாய் திறக்கவில்லை.

விடியப்புறம் கோண்டாவிலில் இருந்து வான் வெளிக்கிட்டது. ஆனையிறவு தாண்டும்போதும் இருட்டு. முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிற்காமல் போகிற சாரதியை நான் இன்னும் காணவில்லை. தேங்காய் உடைத்து, கற்பூரம் கொளுத்தி, வறுத்த கச்சானும் வாங்கி ஏறினால்தான் பயணம் தொடங்கியதாகக் கணக்கு.

மாத்தளையை நெருங்க வெயில் போய்விட்டது. கோயில் ஏ9 வீதியோரத்திலேயே இருக்கிறது. மாசிமகத்துக்குப் பஞ்சரதம் ஓடுகிற கோயில். 1983 வன்செயலில் அடிபட்டும் திரும்ப எழுந்து நிற்கிறது. அர்ச்சனை முடித்து வெளியே வந்தால் மேற்கே மலையே தெரியவில்லை, முழுக்க முகில். பூ விற்ற அம்மா பிள்ளைகளைப் பார்த்துவிட்டுச் சொன்னா: "நுவரெலியா பக்கமா போறீங்க? ரோட்டுல மண்ணு சரிஞ்சி கெடக்காம். புள்ளைங்கள வச்சிக்கிட்டு போகாதீங்க." சாரதித் தம்பி கைபேசியைப் பார்த்தான். மண்சரிவு எச்சரிக்கை உண்மைதான். இவர் மத்தியானம் வரைக்கும் பொறுத்துப் பார்ப்போம் என்றார்.

"வானைத் திருப்பு தம்பி" என்றா மாமி.

தம்புள்ளை வந்து ஹபரணைப் பக்கம் திரும்பியதும் கண்ணாடியில் ஒரு துளி ஈரமில்லை. ஆனி மாதத்துச் சோழகம், அதுதான் தென்மேற்குப் பருவக்காற்று, அப்படித்தான். மலையின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, கிழக்கே வெறும் அனலாக வந்து சேரும். கந்தளாய்க் குளக்கட்டைக் கண்டதும் மாமி நிமிர்ந்து இருந்தா. கோணேசர் கோயிலுக்கு நெல் விளைவதற்காகக் குளக்கோட்டன் கட்டிய குளம் என்பது ஐதீகம்.

பின்னேரப் பூசைக்குச் சரியாகப் போய்ச் சேர்ந்தோம். கோட்டை வாசலில் ஒரு நிமிடம் நில்லுங்கள். எல்லோரும் மேலே ஓடுகிற அவசரத்தில் தவறவிடுகிற இடம் அது. வாசல் கல்லில் இரட்டை மீன் செதுக்கியிருக்கிறது, பக்கத்தில் தேய்ந்துபோன தமிழ் எழுத்து. 1620களில் பறங்கியர், அதாவது போர்த்துக்கேயர், கோயிலை இடித்து அந்தக் கல்லிலேயே கோட்டை கட்டினார்கள். சின்னவன் கைவிரலால் மீனைத் தடவிப் பார்த்தான். உள்ளே புள்ளிமான்கள் ஆளுக்கு விலகாமல் வீதியில் நின்று, கச்சான் சரையை நீட்டினால் சரையையும் சேர்த்துத் தின்கின்றன.

இப்போதுள்ள கோயில் 1963 இல் கும்பாபிஷேகம் கண்டது. அதற்கு முன்னர், 1950 இல், கிணறு வெட்டிய இடத்தில் பழைய செப்புத் திருமேனிகள் கிடைத்தன. மண்ணுக்குள் ஒளித்து வைத்த கைகள் யாருடையவோ, அவர்களைத்தான் நான் உள்ளே போகுமுன் நினைத்துக்கொண்டேன்.

சம்பந்தர் கடல் தாண்டி வராமல் இராமேசுவரத்தில் இருந்தபடியே கோணமாமலையைப் பாடினார் என்பார்கள். மாமியும் அப்படித்தான். சின்ன வயதில் பாடமாக்கிய பதிகம். யுத்த காலத்தில் பாதை இல்லை, பிறகு மாமாவின் வருத்தம். காணாமலே பாடிக்கொண்டிருந்தா. மூலஸ்தானத்துக்கு முன்னால் "நிரைகழல் அரவம்" என்று எடுத்தவ, இரண்டாம் அடியில் தடக்கி நின்றா. ஐயர் தீபத்தை இறக்கவில்லை. தட்டைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டு நின்றார். மாமி தொண்டையைச் செருமி முதலடியில் இருந்தே திரும்பத் தொடங்கி, பாட்டு முடிந்த பிறகுதான் கற்பூரம் எங்களிடம் வந்தது. மாதுமை அம்பாள் சந்நிதியில் அவ வாயே திறக்கவில்லை. கைகூப்பி நின்றதோடு சரி.

இராவணன் வெட்டு என்கிற பாறைப் பிளவுப் பக்கத்தில் மரக்கிளை நிறையத் தொட்டில்கள். பிள்ளை வரம் கேட்டுக் கட்டியவை. சில புதுப்பலகை, சில மழையில் கறுத்தவை. எட்டிப் பார்த்தால் நேர் கீழே கடல். இவர் அங்கேயே சம்மணம் கட்டி இருந்துவிட்டார். மலை போச்சே என்று பிறகு முணுமுணுக்கவில்லை.

ஞாயிறு காலை கன்னியா வெந்நீர்க் கிணறுகள். தாயின் கிரியைக்காக இராவணன் உண்டாக்கிய ஏழு என்று கதை. இன்றும் முப்பத்தொன்றாம் நாள் கிரியைக்குச் சனம் வருகிறது. ஒரே முற்றத்தில் ஏழு சதுரக் கிணறு, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. மாமாவின் அந்தியேட்டி கீரிமலையில் நடந்தது. ஆனாலும் மாமி ஏழிலும் ஒவ்வொரு வாளி அள்ளித் தலையில் ஊற்றிக்கொண்டா. பிள்ளைகள் எது கூடச் சூடு என்று சண்டை.

ஹொரவப்பொத்தானை வழியாக வவுனியா ஏறினோம். றம்பொடையும் சீத்தா எலியவும் மாசியில், மாத்தளைத் தேரோடு என்று மாமியே நாள் வைத்திருக்கிறா.