சிதறால் மலையும் அம்மையோட பகவதியும்

அண்ணன் குடும்பம் பெங்களூர்ல இருந்து லீவுக்கு வந்திருந்தாவ. வழக்கம்போல கன்னியாகுமரி, திற்பரப்புன்னு பேச்சு ஓடிச்சு, நான்தான் மார்த்தாண்டம் பக்கம் இருக்குற சிதறால் மலைக்கு போவோம்னு சொன்னேன். அம்மைக்கு ஒரே சந்தோஷம், "மலைமேல பகவதிய தொழுது எவ்வளவு காலமாச்சு மக்கா"ன்னாவ. அண்ணன் மகளோ மொபைல்ல பாத்துட்டு "பாட்டி, அது ஜெயின் கோயில்"னு சொல்லிட்டா. அம்மை காதுலயே போட்டுக்கல, ஈரிழை தோர்த்தும் பூவும் எடுத்து பையில வச்சாச்சு.

நாகர்கோவில்ல இருந்து மார்த்தாண்டம் வரைக்கும் ரோட்ட பத்தி சொல்ல ஒண்ணுமில்ல, டிராஃபிக்தான். மார்த்தாண்டத்துல திரும்பினதும் வேற ஊர் மாதிரி ஆயிடும். ரெண்டு பக்கமும் ரப்பர், மரத்துல சிரட்டை கட்டி பால் வடியுது, வீட்டு முத்தத்துல ரப்பர் ஷீட்டு காயப்போட்டிருக்கு, அந்த வாடை கார் கண்ணாடிய ஏத்தினாலும் போகாது. களியக்காவிளை பார்டர் பக்கத்துலதான், இந்த விளவங்கோடு தாலுகாவே 1956 நவம்பர் 1ல தான் தமிழ்நாட்டோட சேந்தது, அதனால பேச்சுல பாதி மலையாளம் கலந்தே இருக்கும். அடிவாரத்துக்கு முன்னால ஒரு கடையில சாயாவும் பழம்பொரியும் சாப்பிட்டோம். "தண்ணி கொண்டு கேறுங்க, மேல கடை ஒண்ணும் கெடையாது"ன்னு கடைக்காரர் சொன்னார். கேட்டது நல்லதா போச்சு.

ஏறுறது கஷ்டம் இல்ல. கல் பாவின பாதை, ரெண்டு பக்கமும் கொல்லாமரம், அம்மை மூட்டுவலியோட உக்காந்து உக்காந்து ஏறிட்டாவ. கடைசில ரெண்டு பெரிய பாறைக்கு நடுவுல ஒரு இடுக்கு, அதுக்குள்ள நுழைஞ்சு வெளிய வந்தா பாறை முழுக்க தீர்த்தங்கரர்கள், அதாவது சமணர்கள் கும்பிடுற பெரிய குருமாருங்க, வரிசையா உக்காந்திருக்காங்க. தலைக்கு மேல முக்குடை (மூணு அடுக்கு குடை), கீழ வட்டெழுத்துங்கிற பழைய எழுத்துல சின்ன சின்ன வரி. அந்த சிலைய செதுக்க வச்சவங்க பேரு அது. அவங்கள்ல பார்சுவநாதர் மட்டும் தலைமேல பாம்புப் படத்தோட நிக்கிறார். கூட்டம் பூரா இங்க ஒரு நிமிஷம் நின்னுட்டு உச்சிப் பாறைக்கு செல்ஃபி எடுக்க ஓடுது. காட்சி நல்லாத்தான் இருக்கு, தென்னையும் ரப்பரும் நடுவுல ஆறும் தூரத்துல மலையும், யாரு இல்லன்னா. ஆனா பாக்க வேண்டியது இந்த சுவரு, கொஞ்ச நேரம் இதுக்கு முன்னால உக்காருங்க.

ஒன்பதாம் நூற்றாண்டுல ஆய் மன்னன் விக்கிரமாதித்ய வரகுணன் காலத்துல இது திருச்சாரணத்து மலை, சமணத் துறவிகள் தங்கிப் படிச்ச பெரிய பள்ளி. அவனோட 28ஆவது ஆட்சி ஆண்டு கல்வெட்டு ஒண்ணு இங்க இருக்கு. பேராயக்குடி அரட்டநேமி பட்டாரரோட மாணாக்கி குணந்தாங்கி குறத்திகள் இந்த மலை பட்டாரியாருக்கு, அதாவது இங்க உள்ள பெண் தெய்வத்துக்கு, பொன் நகை குடுத்தது பத்தினது. குறத்தின்னா சமணத்துல பெண் துறவி, ஆசிரியை. ஒரு குருவுக்கு மாணாக்கியா இருந்த பொம்பளை, தன் பேரிலயே தானம் குடுத்து அதை கல்லுல வெட்டி வச்சிருக்கா. இத சொன்னதும் மைனி போன உள்ள வச்சிட்டு "அப்ப பொண்ணுங்களும் இங்க தங்கி படிச்சாங்களா"ன்னு கேட்டாங்க. இதே நாட்டுல முஞ்சிறை பக்கம் பார்த்திவபுரத்துல ஆய் அரசன் கருநந்தடக்கன் 95 பேர் வேதம் படிக்க ஒரு பாடசாலை வச்சான், வரகுணனே ஸ்ரீமூலவாசம்ங்கிற பௌத்தர்களோட கோயிலுக்கும் நிலம் குடுத்திருக்கான், பாலியம் செப்பேட்டுல இருக்கு. மூணு கூட்டத்துக்கும் ஒரே ராஜ குடும்பம் படியளந்திருக்கு.

கோயில் பாறைக்கு அடியிலயே கட்டினது, மேல தொங்குற பாறைதான் கூரை. முன்னால கல் மண்டபம், கீழ ஒரு சுனை, வெயில்லயும் தண்ணி கிடந்தது. உள்ள மகாவீரர், பார்சுவநாதர், பகவதின்னு மூணு சன்னதி. 13ஆம் நூற்றாண்டுக்கு மேல பகவதி கோயிலா மாறிச்சுன்னு சொல்றாங்க, அதுக்கும் முன்னால அது சமணத்துல காவல் தெய்வமான பத்மாவதி இயக்கி.

இங்கதான் பாட்டிக்கும் பேத்திக்கும் சண்டை. "பாட்டி, நீங்க கும்பிடுறது பத்மாவதிய, பகவதிய இல்ல." அம்மை பூவ வச்சுக்கிட்டே, "நம்ம நாகர்கோவில் நாகராஜா கோயில் தூணுல யாரு இருக்கா? ஆவணி ஞாயிறு பால் ஊத்தப் போகும்போ நீயே காட்டினியே"ன்னாவ. அது உண்மைதான், அங்கயும் தூண்ல பார்சுவநாதரும் மகாவீரரும் பத்மாவதியும் இருக்காங்க, 16ஆம் நூற்றாண்டு வரைக்கும் சமண பண்டிதர்களுக்கு அங்க நிலம் விட்ட கல்வெட்டும் இருக்கு. பேத்திகிட்ட பதில் இல்ல. எனக்கு ரெண்டு பேர் சொல்றதும் சரின்னுதான் பட்டுது, ஆனா அந்த நேரத்துல வாயத் தொறந்தா ரெண்டு பக்கமும் அடி விழும்.

அண்ணன் பாவம், அவனுக்கு பசி. கீழ இறங்கி மரச்சீனியும் மீன்கறியும் சாப்பிட்ட பெறவுதான் மனுஷன் சிரிச்சான். போற வழியில கால்வாய்த் தண்ணி மேல ஓடுற மாத்தூர் தொட்டிப்பாலத்துலயும் எறங்கினோம், 115 அடி உயரம், அம்மை பாதியில திரும்பிட்டாவ.

போறவங்க காலையிலேயே போங்க, மத்தியானம் பாறை சுடும், சன்னதிக்கு முன்னால செருப்ப கழட்டணும். தொல்லியல் துறை பாதுகாக்குற இடம், சிலைமேல பொட்டு வைக்காதீங்க, பேர் கிறுக்காதீங்க. அண்ணன் மகளுக்கு இப்ப பார்த்திவபுரம் பாக்கணுமாம், அதுக்குள்ள அவ அப்பனுக்கு லீவு முடியுது.