10க்கு 10 பேர்: கை-ஸ்கொயர் போட்டுக் கொடுத்தவரோடு பட்ட பாடு

பி.ஜி. தீசிஸுக்கு டேட்டா எடுத்து, மாஸ்டர் சார்ட் (எல்லா நோயாளிகளின் விவரமும் அடங்கிய அட்டவணை) தயார் செய்து கொடுத்ததுவரை எல்லாம் சுமுகம்தான். காசு வாங்கிக்கொண்டு ஸ்டாட்டிஸ்டிக்ஸ் போட்டுத் தருகிறவரிடம்தான் வினை ஆரம்பித்தது. குழுவுக்கு 10 பேர். ஒரு குழுவில் 8 பேருக்கு வலி குறைந்தது, மற்றதில் 3 பேருக்கு. இரு குழுக்களின் எண்ணிக்கையை ஒப்பிடும் கை-ஸ்கொயர் டெஸ்ட்டைப் போட்டு, பி மதிப்பு (உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இப்படி ஒரு ரிசல்ட் வரும் வாய்ப்பு; வழக்கமாக 0.05க்குக் கீழே இருந்தால்தான் கணக்கில் எடுப்பார்கள்) 0.025 என்று கொடுத்துவிட்டார். கைடுக்கு ஒரே சந்தோஷம்.

எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருள் தந்த அட்டவணைக்கு அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: 50 சதவீதக் கட்டங்களில் எதிர்பார்க்கும் எண்ணிக்கை 5க்குக் கீழே. இது 20 சதவீதத்தைத் தாண்டினாலே கை-ஸ்கொயரை நம்பக்கூடாது என்பதுதான் வழக்கமான விதி. கேட்டால், "எல்லா தீசிஸுக்கும் இப்படித்தான் மேடம் போடுறோம், இதையெல்லாம் யார் பார்க்கப் போறாங்க" என்கிறார். இத்தனைக்கும் அதே அட்டவணையிலேயே சின்ன எண்ணிக்கைக்கு ஏற்ற ஃபிஷர் எக்ஸாக்ட் டெஸ்ட் விடையும் இருக்கிறது, 2×2 (இரண்டு வரிசை, இரண்டு நெடுவரிசை) என்றால் கேட்காமலே வரும். 0.070!

எதிர்பார்க்கும் எண்ணிக்கை என்றதும் கட்டத்தில் இருக்கும் ஆட்களை எண்ணி 5க்குக் குறைவா என்று பார்க்காதீர்கள். வரிசை மொத்தத்தையும் நெடுவரிசை மொத்தத்தையும் பெருக்கி, எல்லோருடைய எண்ணிக்கையால் வகுக்க வேண்டும். எனக்கு ஒரு குழுவில் 10 பேர், வலி குறையாதவர்கள் மொத்தம் 9 பேர், எல்லோரும் சேர்ந்து 20 பேர்: 10×9÷20, அதாவது 4.5.

அப்புறம் வலியை லேசு, நடுத்தரம், கடுமை என்று மூன்றாகப் பிரித்த அட்டவணை. அதற்கு எஸ்.பி.எஸ்.எஸ்.ஸில் ஃபிஷர் வர தனி மாட்யூல் வேண்டும், அவரிடம் அது இல்லை, அதனால் இரண்டு வகையைச் சேர்த்துவிடலாம் என்றார். ரிசல்ட்டைப் பார்த்த பிறகு வகைகளைச் சேர்ப்பதா? இலவசமாகக் கிடைக்கும் ஆர் மென்பொருளை இறக்கி, ஒரே வரிக் கட்டளையில் நானே போட்டுக்கொண்டேன்.

இதைவிடக் கொடுமை, அதே ஆட்களின் சிகிச்சைக்கு முன், பின் விவரத்துக்கும் கை-ஸ்கொயர்தான் போட்டிருந்தார். ஒரே ஆளை இருமுறை பார்த்தால், அதற்கென்றே இருக்கும் மக்நெமார் டெஸ்ட், அதிலும் நிலை மாறியவர்கள் கொஞ்சப் பேர்தான் என்றால் எக்ஸாக்ட் வகை. காசு கொடுக்கும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள்.

0.07 என்றதும் கைடு முகம் சுருங்கியது, டிஸ்கஷனை மாற்றி எழுத வேண்டியதாயிற்று. வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) எக்ஸ்டர்னல், அதாவது வெளியிலிருந்து வந்த தேர்வாளர், நேராக அந்தப் பக்கத்தைத்தான் திறந்தார். "ஏன் ஃபிஷர்?" 4.5 கணக்கைச் சொன்னேன். தலையாட்டிவிட்டு அடுத்த பக்கம் போய்விட்டார்.